பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும்

கேள்வி: எனக்கு 26 வயது. ஐந்தாவது மாதம் நடக்கிறது. அண்ணனுக்கு ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்). கல்யாணத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் எனக்கும் ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தின் அளவு 34 சதவீதம்தான் இருந்தது. ‘மாதம் ஏற ஏற அதுவே கூடிவிடும்’ என்கிறார்கள். தலைப்பிரசவம் என்பதால் கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா ஊரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடும் என்று சொன்னது சரிதான். கர்ப்பகாலத்தில், அதிலும் கடைசி மூன்று மாதங்களில், ஃபேக்டர் 8 தானாகவே ஏறும். (ஃபேக்டர் 9 குறையும் ஹீமோஃபிலியா பி குடும்பத்துப் பெண்களுக்கு அது அப்படி ஏறுவதில்லை.) பிரசவ நேரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும். உங்களைப் போன்ற பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஆனால் குழந்தை பிறந்ததும் அது இறங்க ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பழைய அளவுக்கே வந்துவிடும். ‘சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்’ என்று டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு, எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போதுதான் உதிரப்போக்கு பிடித்துக்கொள்ளும். நான் அதிகம் கவலைப்படுவது அந்த நாட்களைப் பற்றித்தான். ‘அழுக்கு ரத்தம், போகட்டும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலும், பெரிய கட்டிகளாக விழுந்தாலும், குறைந்துவந்த போக்கு மறுபடி அதிகமானாலும், எழுந்தால் தலை சுற்றினாலும் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையைப் பிரசவம் முடிந்ததிலிருந்து போக்கு நன்றாகக் குறையும் வரை தருவது வழக்கம். மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அதைச் சாப்பிடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம். தையல் வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

ஏழாம் மாதம் ஒரு முறையும் 34-36 வாரத்தில் ஒரு முறையும் ஃபேக்டர் 8 அளவையே பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம் பார்க்கும் பி.டி., சி.டி. பரிசோதனைகளை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் நார்மல்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 34 சதவீதம் இருப்பவருக்கும் அவை நார்மலாக வரலாம். 50-க்குக் கீழ் இருந்தால் ஃபேக்டரைச் சரிசெய்த பிறகே முதுகில் மயக்க ஊசி, சிசேரியன் எல்லாம்.

அப்புறம் குழந்தை. பிறப்பது பையனாக இருந்தால் ஹீமோஃபிலியா வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. வெளிநாடுகளில் ஸ்கேனில் பாலினம் பார்த்துப் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்லக் கூடாது. மரபணு நோய் இருக்கிறதா என்று மட்டும் பதிவுபெற்ற மையங்களில் கருவிலேயே பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. விருப்பமிருந்தால் உடனே கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பாதிப்புள்ள பையன் என்று நினைத்துக்கொண்டே பிரசவம் பார்க்க வேண்டும். வேக்கூம் என்ற உறிஞ்சு கருவி போட்டுத் தலையை இழுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியக்கூடும். பிரசவம் நகராமல் நின்றால் சீக்கிரமே சிசேரியனுக்குப் போவது நல்லது. மற்றபடி ஹீமோஃபிலியா குடும்பம் என்பதற்காக மட்டும் சிசேரியன் கட்டாயமில்லை.

பிறந்தது பையன் என்றால் தொப்புள்கொடி ரத்தத்தில் ஃபேக்டர் 8 பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை தொடையில் ஆழமாகப் போடும் ஊசிகள் வேண்டாம்; வைட்டமின் கே-யை வாய்வழி கொடுக்கலாம். காது குத்துவது, சுன்னத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் வீக்கம் தெரிந்தாலோ முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இதெல்லாம் சிறிய நர்சிங் ஹோமில் நடக்கிற காரியமில்லை. ரத்தவியல் நிபுணர், ரத்த வங்கி, ஃபேக்டர் மருந்துக் கையிருப்பு மூன்றும் உள்ள கோவை மாதிரி ஊர் மருத்துவமனையில் பாருங்கள். 40-க்குக் கீழ் இருப்பதால் நீங்கள் வெறும் கேரியர் (நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்) மட்டும் இல்லை, லேசான ஹீமோஃபிலியா உள்ளவர். அண்ணன் ஃபேக்டர் வாங்கும் மையத்தில் உங்கள் பெயரையும் பதிவு செய்யுங்கள். பெண்களை அங்கே சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். பிரசவத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நிபுணரிடம் எட்டாம் மாதத்துக்குள் எழுதி வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். வலி வரும் இரவில் டியூட்டியில் இருப்பவர் உங்களைப் பார்த்தே இராத மருத்துவராக இருக்கலாம்.

அம்மா வீட்டுக்குப் பிரசவம் முடிந்த பிறகு போகலாம். மூன்று வாரம் வரை, கூப்பிட்டதும் வருகிற வண்டி ஒன்று இருக்கட்டும்.