வாசகர் கடிதம்: குளவி இழுத்துட்டுப் போன சிலந்தி

அண்ணா வணக்கம். நேத்து ஒரு பெரிய குளவி, தன்னைவிட பெரிய சிலந்திய பின்பக்கமா நடந்தே தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு. செத்துடுச்சுன்னு நெனச்சேன், ஆனா சிலந்தியோட கால் லேசா அசஞ்சுது. மனசு கேக்காம குச்சியால குளவிய வெரட்டிட்டேன். சிலந்தி அப்புறமும் எந்திரிக்கல. நான் செஞ்சது சரியா?

பதில்:

தம்பி, உங்க பதட்டம் புரியுது, ஆனா நீங்க வெரட்டினதுல சிலந்திக்கு ஒண்ணும் கிடைக்கல, குளவிக்குத்தான் ஒரு பிள்ளை போச்சு. அந்த சிலந்தி சாகல, குளவி அதோட கால் இடுக்குல இருக்க மெத்துன்னு இடமா பாத்து கொட்டி அத அசைய விடாம பண்ணிருச்சு, கொன்னா அழுகிடும்ல, அதுக்குத்தான். குழிக்குள்ள கொண்டுபோய் வச்சு மேல ஒரே ஒரு முட்டை, அவ்ளோதான், மண்ண போட்டு மூடிட்டு போயிடும். புழு வெளிய வந்ததும் சிலந்திய உள்ள தின்னும், அதுலயும் உயிர் நிக்கிற உறுப்புகள கடைசிக்கு வச்சுக்கும், சாப்பாடு கெடாம இருக்கணுமே. படிக்கவே கஷ்டமாத்தான் இருக்கு, எனக்கும்தான்.

ஆனா இத்தன பாடுபடுற அந்த தாய்க்குளவி சிலந்திய தின்னாது, அது குடிக்கிறது பூவுல இருக்க தேன். என்னை ரொம்ப அசத்துறது இன்னொண்ணு. இந்த குளவிங்களுக்கு கருவுற்ற முட்டைன்னா பொண்ணு, கருவுறாததுன்னா ஆணு, எதை இடறதுன்னு தாயே முடிவு பண்ணும். பெரிய சிலந்தி சிக்குனா பொதுவா பொண்ணு, சின்னதுன்னா ஆணு. ஏன்னா நாளைக்கு சிலந்தியோட மல்லுக்கட்டப்போறது பொண்ணுதான், ஆணுக்கு கொடுக்கே கிடையாது.

சிலந்திய வேட்டையாடுற குளவில சுமார் 5000 வகை இருக்கு. டரான்டுலாங்கிற பெரிய மயிர் சிலந்தியையே பிடிக்கிற வகைக்கு, பூச்சிக்கடி வலிய தன் உடம்புலயே அனுபவிச்சு 1 லேர்ந்து 4 வரை மார்க் போட்ட ஜஸ்டின் ஷ்மிட் 4 குடுத்திருக்கார். வலி சில நிமிஷந்தான் நிக்கும், ஆனா அந்த நிமிஷத்துல ஆளு நிலைகொள்ள முடியாது. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ 1989ல இதையே மாநிலப் பூச்சியா அறிவிச்சுது. நாம சீண்டாத வரைக்கும் நம்மகிட்ட வராது, அதனால அடுத்த தடவ குச்சி வேணாம், தள்ளி நின்னு பாருங்க. பல வகைங்க நடுவுல சிலந்திய கீழ போட்டுட்டு குழிய பாக்க ஓடும், அப்ப சிலந்திய எடுத்துடாதீங்க, திரும்பி வந்து தேடும்.