முதல் கர்ப்பத்தில் போட்ட பாடி ஸ்ப்ரேதான் பையனின் துறுதுறுப்புக்குக் காரணமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான். கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசி எறிவான். பள்ளியிலும் இதே புகார்தான். பிளாஸ்டிக், வாசனைப் பொருட்களில் உள்ள ரசாயனங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தையின் குணத்தையே மாற்றிவிடும் என்று சமீபத்தில் படித்தேன். அவனைச் சுமந்தபோது தினமும் அலுவலகத்தில் பிளாஸ்டிக் டப்பாவோடுதான் சாப்பாட்டைச் சூடு செய்தேன். பாடி ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் எல்லாம் போட்டேன். இப்போது மறுபடியும் 11 வாரக் கர்ப்பம். அவனை நானே கெடுத்துவிட்டேனா? இந்தக் குழந்தைக்காவது நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மருத்துவர் பதில்: இல்லை அம்மா, நீங்கள் அவனைக் கெடுக்கவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் படித்தது போன்ற செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளை வைத்து ஒரு குழந்தையைக் காட்டி, "இவன் இப்படி இருப்பதற்கு இதுதான் காரணம்" என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் குறிப்பிட்ட பொருட்களில் இரண்டு ரசாயனங்களைத்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்று, தாலேட்டுகள். பிவிசி பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்கும், வாசனைப் பொருட்களின் மணம் நீடிப்பதற்கும் சேர்ப்பவை. இன்னொன்று, பிஸ்பீனால் ஏ எனும் பிபிஏ. கெட்டியான பாலிகார்பனேட் பாட்டில்கள், உணவு டின்களின் உட்பூச்சு, கடையில் பில் அடித்துத் தரும் வழுவழுப்பான தாள் ஆகியவற்றில் இருக்கும். இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகக்கூடியவை.

இவற்றைப் பற்றிய கவலை வெறும் வதந்தி இல்லை. கருவின் தைராய்டு சுரப்பி 12ஆவது வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஓரளவு சொந்தக் காலில் நிற்க 18 முதல் 20 வாரம் ஆகிவிடும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் நடக்கிறது. ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடிய ஒரு பொருள் அந்த நேரத்தில் உள்ளே போனால் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் கேட்பது நியாயமானது.

விடைதான் இன்னும் தெளிவாகவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 244 தாய்மார்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. கர்ப்பத்தில் தாயின் சிறுநீரில் பிபிஏ அதிகமாக இருந்தபோது, 3 வயதில் பெண் குழந்தைகளிடம் பதற்றமும் துறுதுறுப்பும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. பையன்களிடம் அப்படித் தெரியவில்லை. அடுத்த ஆண்டே நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வில் நேர்மாறு. பையன்களிடம் முரட்டுத்தனம் கூடியிருந்தது, பெண் குழந்தைகளிடம் பதற்றம் குறைந்திருந்தது. இரண்டும் பொறுமையாக, நேர்மையாகச் செய்த ஆய்வுகள்தான். ஆனால் பிபிஏ உடலுக்குள் போன சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறத் தொடங்கிவிடும். காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு. ஒன்பது மாதக் கதையை ஓரிரண்டு சிறுநீர்ப் பரிசோதனையை வைத்துச் சொல்ல வேண்டிய நிலை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரையைப் பற்றியும் இதே பேச்சு வந்தது உங்கள் காதில் விழுந்திருக்கும். ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாக் குழந்தைகளையும் மொத்தமாக ஒப்பிட்டபோது, கர்ப்பத்தில் அந்த மாத்திரை போட்டவர்களின் குழந்தைகளுக்குக் கவனக்குறைவுப் பிரச்சினை லேசாகக் கூடியிருந்தது. ஒரே தாயின் பிள்ளைகளை, அதாவது மாத்திரை போட்ட கர்ப்பத்தையும் போடாத கர்ப்பத்தையும் ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. பரம்பரையும் குடும்பச் சூழலும் செய்த வேலை மாத்திரையின் கணக்கில் ஏறியிருந்தது. எந்த ஆய்வைப் படித்தாலும் இதை மனதில் வையுங்கள். துறுதுறுப்பிலும் கவனக்குறைவிலும் மரபணுவின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. சிறு வயதில் உங்கள் கணவர் எப்படி இருந்தார் என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். நான் எல்லாக் குடும்பங்களிலும் கேட்கும் கேள்வி அது.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிரூபணமானவை வேறு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. தாயின் எலும்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஈயம்கூடக் கர்ப்பத்தில் ரத்தத்துக்கு இறங்கி வரும். பாதரசம் என்ன செய்யும் என்பதை ஜப்பானின் மினமாட்டா காட்டியது. 1956இல் அங்கே வெளிச்சத்துக்கு வந்த நோயில், தாய்க்குப் பெரிய தொந்தரவு தெரியாமலே மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தார்கள். ஆகவே உங்கள் கவலையில் ஒரு பங்கையாவது பாடி ஸ்ப்ரேயிலிருந்து இந்தப் பக்கம் திருப்புங்கள். பழைய பெயின்ட் உரியும் சுவரைச் சுரண்டும் வேலை வீட்டில் நடந்தால் அங்கே இருக்காதீர்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்கள் இப்போது வேண்டாம். சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டில் யாரும் புகை பிடிக்கக் கூடாது. மது அறவே கூடாது.

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். சீக்கிரம் உள்ளே வருபவை சீக்கிரம் வெளியேயும் போகும் என்பது இதில் நல்ல செய்தி. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 5 குடும்பங்களுக்கு மூன்று நாட்கள் மட்டும் டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ படாத புதுச் சமையலைக் கொடுத்தார்கள். அவர்கள் சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. அதனால்தான் சாப்பாட்டு டப்பாவை முதலில் மாற்றச் சொல்கிறேன். எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ கொண்டுபோங்கள். மைக்ரோவேவில் வைப்பதாக இருந்தால் கண்ணாடி அல்லது பீங்கான். 'பிபிஏ இல்லாதது' என்று போட்ட பிளாஸ்டிக்கையும் சூடாக்க வேண்டாம். அதன் இடத்தில் பிபிஎஸ் என்ற நெருங்கிய சொந்தம் உட்கார்ந்திருக்கலாம். சானிடைசர் தடவிய ஈரக் கையால் கடை பில்லைத் தொடாதீர்கள். பிபிஏ தோல் வழியாக இன்னும் வேகமாக உள்ளே போகும். வீட்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதோடு விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள், இந்த ரசாயனங்கள் தூசியிலும் ஒட்டியிருக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கர்ப்பிணி தன் கைப்பையை அப்படியே என் மேசையில் கவிழ்த்தார். லோஷன், ஸ்ப்ரே, லிப் பாம், ஹேர் சீரம் என்று பதினொன்று. பொடி எழுத்துகளை இருவரும் ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒன்பதில் 'பெர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் பத்து இருபது பொருட்கள் அடங்கியிருக்கலாம், தாலேட் உட்பட. அவர் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினார். நீங்களும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். உடம்பில் பூசி நாள் முழுக்க விட்டு வைப்பதைக் குறைத்தால் போதும். நெயில் பாலிஷை நிறுத்துவதானால் குழந்தை பிறக்கும்வரை நிறுத்துங்கள், அதற்காக நேற்று போட்டதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது தைராய்டு (டிஎஸ்ஹெச்), ரத்தசோகை இரண்டும் பார்த்தாகிவிட்டதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் குழந்தையின் மூளைக்கு அவை நேரடியாக உதவும். அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள்.

மகன் விஷயத்தைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரியான புகார் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் குழந்தைகள் மருத்துவரிடமோ குழந்தை வளர்ச்சி நிபுணரிடமோ காட்ட வேண்டும். அவனுடைய தூக்கம், செவித்திறன், இரும்புச் சத்து ஆகியவற்றையும், தேவைப்பட்டால் ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்ப்பார்கள். இந்த வயதில் முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது; அவனை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். கணவரையும் உடன் அழைத்துப் போங்கள். கைக்குழந்தை வந்த பிறகு அந்தப் பயிற்சிக்கு உங்களால் நேரம் ஒதுக்க முடியாது, இந்த ஆறு மாதத்தில் முடியும்.