ஜாக் ஸ்டீனும் இரண்டாம் அணியும்: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

ஸ்காட்லாந்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனைப் பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தேன். ஆட்டக்காரராக அவர் சாதாரணமானவர் என்று எழுதியிருந்தீர்கள். தன்னால் செய்துகாட்ட முடியாத ஒன்றை ஒருவர் பிறருக்கு எப்படிக் கற்றுத்தர முடியும்? கிளாஸ்கோ நகரின் செல்டிக் அணி அவரிடம் பெற்ற வெற்றி, அவருக்கு வாய்த்த ஆட்டக்காரர்களால் வந்தது என்றே எனக்குப் படுகிறது.

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

‘சாதாரணமானவர்’ என்ற என் சொல் சற்று அவசரமானது. தாமதமாக வந்தவர் என்று எழுதியிருக்கலாம். லானார்க்‌ஷயரின் பர்ன்பேங்கில் 1922இல் பிறந்த ஸ்டீன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆல்பியன் ரோவர்ஸுக்கு ஆடினார். 1950இல் வேல்ஸின் லனெத்லி அணிக்குப் போனபோதுதான் ஆட்டம் அவருக்கு முழுநேரத் தொழிலாயிற்று. மறு ஆண்டு செல்டிக் அவரை அழைத்ததுகூட, இரண்டாம் அணியின் இளைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான். முதல் அணியில் சிலர் காயமுற்றதால் உள்ளே வந்தவர், அணித்தலைவராகி 1954இல் லீகையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒருசேர வென்றார். பிறகு கணுக்காலில் காயம். 1957இல் ஆட்டம் முடிந்துபோயிற்று.

அடுத்து அவருக்குக் கிடைத்தது அதே இரண்டாம் அணிக்குப் பயிற்சியளிக்கும் வேலை. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பந்து இயல்பாகவே கால்வசப்பட்டவருக்குத் தான் செய்வதை ஆராய்ந்து பார்க்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. எங்கே நின்றால் தன் வேகக்குறைவு வெளியே தெரியாது என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் கணக்கிட்டவருக்கோ, களத்தில் மற்றப் பத்துப் பேரின் இடமும் பாடமாகியிருக்கும். அப்போது அவரிடம் பயின்ற பையன்களில் ஒருவரான பில்லி மெக்நீல்தான், பத்தாண்டு கழித்து செல்டிக்கின் அணித்தலைவராக, ஐரோப்பியக் கழக அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையைக் கையில் ஏந்தியவர்.

வாய்த்த ஆட்டக்காரர்கள் என்கிறீர்கள். 1960இல் ஸ்டீன் பொறுப்பேற்றபோது டன்ஃபெர்ம்லைன் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்தது. மறு ஆண்டே அது ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் செல்டிக்கையே வென்றது. 1965இல் அவர் திரும்பி வந்த செல்டிக்கோ, 1957க்குப் பிறகு பெரிய கோப்பை எதையும் காணாத அணி. ஆட்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கு இருந்தவர்கள்தாம்.

லிஸ்பனில் 1967 மே 25 அன்று நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தைப் பாருங்கள். எதிரணி இன்டர் மிலான். அதன் பயிற்சியாளர் எலேனியோ எரேரா. (1963இல் ஸ்டீன் மிலானுக்கே போய், எரேரா பயிற்சியளிப்பதை அருகிலிருந்து பார்த்து வந்திருந்தார்.) ஏழாம் நிமிடத்தில் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஜிம் கிரெய்க் செய்த தவறால் பெனால்டி கிடைக்க, இன்டரின் மசோலா அதைக் கோலாக்கினார். அதன்பின் இன்டர் பின்வாங்கிக் கதவடைத்துக்கொண்டது. ஸ்டீனின் முன்கள ஆட்டக்காரர்கள் உள்நோக்கி நகர்ந்து தம்மைக் காப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போக, ஓரங்களில் உண்டான வெளியில் இரு பக்கத் தடுப்பாட்டக்காரர்களும் மேலேறிக்கொண்டே இருந்தனர். 63ஆம் நிமிடத்தில் அப்படி ஏறிவந்த கிரெய்க் பந்தைப் பின்னோக்கித் தட்டிவிட, மறுபக்கத்திலிருந்து வந்த கெம்மல் பெனால்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே அடித்துக் கோலாக்கினார். தவறு செய்தவரை ஒடுங்கி நிற்க விடாமல் தொடர்ந்து மேலேற வைத்ததைத்தான் நான் பயிற்சி என்கிறேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சால்மர்ஸ் செல்டிக்கின் இரண்டாவது கோலைச் சேர்த்தார்.

1985 செப்டம்பர் 10 அன்று, கார்டிஃபில் அவர் பயிற்சியளித்துவந்த ஸ்காட்லாந்து தேசிய அணி வேல்ஸுடன் ஆடி முடிக்கும் வேளையில், தம் 62ஆம் வயதில் ஸ்டீன் களத்தோரத்தில் சரிந்தார், அன்றிரவே இறந்தார். அன்று அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன்தான், அந்த அணியை மறு ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார்.