விவாகரத்து முடிந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. குழந்தைக்கான மாதத் தொகையையும் பார்க்கும் நாட்களையும் இனி மாற்ற முடியுமா? ‘ஃபைனல் ஆர்டர்’ என்கிறார்களே?

முடியும். இந்த ஒரு வார்த்தை போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு லட்சத்து ஐந்தாயிரம் ரூபாய் ஆனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

நீங்கள் அப்பாவா அம்மாவா என்று எழுதவில்லை. தொகையை முதலிலும் பார்க்கும் நாட்களை இரண்டாவதாகவும் கேட்டிருப்பதைப் பார்த்தால் கொடுக்கிற பக்கம் என்று தோன்றுகிறது. நானும் அந்தப் பக்கம்தான். வாங்குகிற பக்கமாக இருந்தாலும் படியுங்கள், நான் எங்கே சறுக்கினேன் என்பது உங்களுக்கும் பயன்படும்.

நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்தது என் ஒரு கேஸ், அதில் பதினான்கு வாய்தா. அவ்வளவுதான்.

‘ஃபைனல்’ என்பது விவாகரத்துக்கு மட்டும். கணவன் மனைவி இல்லை என்று ஆனது ஆனதுதான். குழந்தை விஷயம் அப்படியில்லை. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 26-ஐ என் வக்கீல் விரல் வைத்துக் காட்டினார்: தீர்ப்புக்குப் பிறகும் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி நீதிமன்றம் அவ்வப்போது உத்தரவு போடலாம், முன்பு போட்டதை ரத்து செய்யலாம், நிறுத்திவைக்கலாம், மாற்றலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு இதே மாதிரி பிரிவு 38. ஜீவனாம்சம் பழைய சிஆர்பிசி, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 125-இல் வாங்கியதென்றால், மாற்றுவதற்கு அதே சட்டத்தின் 127. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று மாறிவிட்டதால், இப்போது 144, 146 என்று தேடுங்கள். இந்த 144, 146 எந்த மதத்துக்கும் பொருந்தும்.

“நாங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோமே” என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். எங்களுடையது பரஸ்பர சம்மத விவாகரத்து. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 19-இன்படி சம்மதத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. அதை யாரோ சொல்லக் கேட்டு, ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்பீல் வேறு, மாற்றக் கோரும் மனு வேறு. அப்பீல் என்றால் அன்றைக்குக் கொடுத்த தீர்ப்பு தப்பு என்று சொல்வது. மாற்ற மனு என்றால் அன்றைக்குச் சரி, இன்றைக்கு நிலைமை வேறு என்று சொல்வது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது: குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் இயல்பிலேயே தற்காலிகமானவை, சம்மதத்தின் பேரில் போட்டதாக இருந்தாலும் குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டால் மாற்றலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2017-இல் தீர்ப்பு. மகளுக்கு அப்போது ஆறு வயது. அம்மாவிடம் இருப்பாள், நான் மாதம் 12,000 ரூபாய் ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், இரண்டாவது நான்காவது ஞாயிறு காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்னுடன் இருப்பாள். மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

2020 ஜூனில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். மகளின் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். “சரி, முடிஞ்சதைப் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. ஜூலையிலிருந்து 5,000 போட்டேன். ஆன்லைன் கிளாசுக்கு 11,500 ரூபாயில் ஒரு டேப் வாங்கிக் கொடுத்தேன். கையிருப்பை உடைத்து ஒரு டேர்ம் ஃபீஸ் 18,000 கட்டினேன். எல்லாம் சுமுகமாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

2021 ஜூலையில் வேறு வேலை கிடைத்தது. முன்பு 46,000, இப்போது 31,000. சம்பளம் வந்ததும் நானாகவே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஆகஸ்டிலும் 5,000, செப்டம்பரிலும் 5,000. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இதற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை.

அக்டோபரில் நோட்டீஸ் வந்தது. நிறைவேற்றல் மனு, அதாவது உத்தரவில் உள்ளபடி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லிக் கேட்பது, நம் ஆட்கள் இ.பி. என்பார்கள். மாதம் 7,000 வீதம் 15 மாதம், மொத்தம் 1,05,000 ரூபாய் நிலுவை.

‘சொல்லித்தானே குறைத்தேன், துரோகம்’ என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அவங்க ஒத்துக்கிட்டது எந்தப் பேப்பர்ல இருக்கு?” வாட்ஸப்பில் தேடினேன். ‘முடிஞ்சதைப் போடுங்க’ போனில் சொன்னது. சாட்டில் இருந்ததெல்லாம் நான் அனுப்பிய ‘5 போட்டுட்டேன்’, பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, கோர்ட்டில் தாக்கல் செய்தோம். நீதிபதி அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தப் பணம் அவங்களோடதா இருந்தா அவங்க விட்டுக்கொடுக்கலாம். இது குழந்தையோடது. நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக் குறைச்சுக்க முடியாது” என்றார். டேப்? “அது அன்பளிப்பு. அப்பா பொண்ணுக்கு வாங்கிக் கொடுத்தீங்க, நல்லது. ஜீவனாம்சம் வேற.” இந்த இடத்தில் கமெண்டில் ஒருவர் ‘ஆண்களுக்கு நீதியே இல்லை’ என்று எழுத வருவார். வேண்டாம். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உத்தரவு 12,000 என்று இருக்கும்போது நான் 5,000 போட்டுக்கொண்டு மனுவே போடாமல் இருந்தேன். 2020 ஜூலையிலேயே போட்டிருந்தால் அந்த ஒரு லட்சம் நிலுவையாக ஏறியிருக்காது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். உத்தரவை மாற்றலாம். ஆனால் என்றைக்கு மனு போடுகிறீர்களோ அன்றிலிருந்துதான் மாறும் என்று வைத்துக்கொண்டு நடங்கள். என் கேஸில் அப்படித்தான் ஆனது. பின்னால் போய்க் குறைத்துக் கொடுக்கவில்லை.

2021 டிசம்பர் முதல் வாரம் பிரிவு 26-இன் கீழ் மனு போட்டோம், தீர்ப்பு கொடுத்த அதே நீதிமன்றத்தில். “மனு நிலுவையில இருக்கு, குறைச்சுப் போட்டுக்கலாம்னு நினைச்சுடாதீங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் பன்னிரண்டாயிரம்தான்” என்றார் வக்கீல். கடன் வாங்கிக் கட்டினேன். இந்த ஒரு அறிவுரைக்காகவே அவருக்குக் கொடுத்த ஃபீஸ் தகும்.

2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன் தவணை, வாடகை, எதுவும் தப்பாது. எதிர்த்தரப்பின் வருமானமும் வரும், நம்முடையது மட்டுமில்லை. என் வங்கிக் கணக்கை எதிர்த்தரப்பு வக்கீல் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். “2021 பிப்ரவரி 20, 3,200 ரூபாய். இது என்ன?” நண்பர்களுடன் இரண்டு நாள் ஊர் சுற்றப் போனதற்கு என் பங்கு. குழந்தைக்கு 5,000 போட்ட மாதம் அது. கூண்டில் நின்றுகொண்டு அதைச் சொல்லும்போது கோர்ட் ஹாலில் இருந்த டவாலி உட்பட எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. ‘வேலையில்லாதவன் சிரிக்கக்கூடாதா’ என்று இப்போதுகூட ஒரு பக்கம் தோன்றும். சொல்லவில்லை, நல்லவேளை.

இனி பார்க்கும் நாட்கள். 2021 ஜூனில் மகளின் அம்மா வேலை மாறி, மகளுடன் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார், 180 கிலோமீட்டர். கோர்ட்டில் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஞாயிறு அதிகாலை பஸ் ஏறினால் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்வேன். அங்கே எனக்கு வீடு இல்லை. ஏதாவது பூங்காவிலும் ஓட்டலிலும் ஐந்து மணி வரை இருவரும் உட்கார்ந்திருப்போம். அவமதிப்பு வழக்கு போடலாம் என்று ஒருவர் தூபம் போட்டார். மாட்டேன் என்றேன். பிழைப்புக்காகத்தான் போனார், பிள்ளையை மறைக்கப் போகவில்லை. நான் பெருமைப்பட்டுக்கொள்ள இந்தக் கேஸில் இருக்கும் ஒரே இடம் இது.

அதே மனுவில் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பதிலாக விடுமுறை நாட்களைக் கேட்டோம். இரவு தங்குவது பற்றி வருவதால் என் வீடு எப்படி என்று கேட்டார்கள். அப்போது நான் இருந்தது ஒரே அறை. இரண்டு அறை வீடு தேடினேன் பாருங்கள், அதைத் தனிக் கேள்வியாகவே யாராவது கேட்கலாம். “ஃபேமிலியா?” என்பார்கள். மகள் லீவுக்கு வருவாள் என்றால், “அப்போ நீங்க தனி ஆள்” என்பார்கள். பேச்சிலருக்கு வீடு இல்லை. நான் பேச்சிலரா? ஒரு வீட்டுக்கார அம்மா முன்பணம் வரை பேசிவிட்டு, விவாகரத்து என்று தெரிந்ததும், “எங்க வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருக்கு” என்றார். அந்தப் பெண் கல்யாணத்துக்கு இருந்தால் என் விவாகரத்து என்ன செய்யும், அம்மை மாதிரி தொற்றிக்கொள்ளுமா? பதினொன்றாவது வீடு கிடைத்தது, அதுவும் மாடிப்படிக்குக் கீழே பாத்ரூம். விடுங்கள்.

நீதிபதி மகளைத் தன் அறைக்குத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அப்போது பதினொரு வயது. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதே தீர்ப்பு ஆகிவிடாது. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். இடது உள்ளங்கையில் நீல பால்பாயிண்ட் பேனாவால் ஏதோ எழுதியிருந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். ‘செவ்வாய் வியாழன் கீபோர்டு. ஞாயிறு ஸ்கேட்டிங்.’ நீதிபதியிடம் சொல்ல மறந்துவிடக் கூடாதென்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்காக ஒன்றரை வருடமாக அவள் மாதத்தில் பாதி வகுப்புகளை விட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உத்தரவை மாற்றக் கேட்டது என் சம்பளத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவளுக்கும் மாற்ற வேண்டியிருந்தது.

இடையில் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மகளின் அம்மா டேர்ம் ஃபீஸ் 18,000-ஐக் கழித்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். ரசீது என் பெயரில் இருந்தது. 2023 மார்ச்சில் உத்தரவு. மனு போட்ட மாதத்திலிருந்து 9,000, வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றம். இடைப்பட்ட 15 மாதம் நான் கூடுதலாகக் கட்டிய 3,000 வீதம் 45,000-ஐ நிலுவையில் வரவு வைத்தார்கள். மீதி 42,000 ஆறு தவணை. காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் பாதி, கோடையில் 15 நாள், புதன் இரவு ஏழு மணிக்கு வீடியோ கால்.

வாங்குகிற பக்கம் இருப்பவர்களுக்கு: இதே வழி உங்களுக்கும் உண்டு. ஃபீஸ் ஏறிவிட்டது, குழந்தைக்கு மருத்துவச் செலவு, அவருக்குச் சம்பளம் கூடிவிட்டது என்றால் கூட்டிக் கேட்கலாம். ‘இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் குழந்தைக்கான தொகையை அது கட்டிப்போடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார், நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 125-இல் வாங்கிய உத்தரவின் நிலுவையென்றால் ஒரு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது உங்களுக்கு. உங்கள் உத்தரவின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜெராக்ஸ் இல்லை, கோர்ட் முத்திரை போட்டது. என்னுடையதை வீடு மாறும்போது தொலைத்திருந்தேன். நகல் மனு போட்டு, அது வரும் வரைக்கும் மூன்று வாரம் மனுத் தாக்கல் நின்றது. அந்த மூன்று வாரமும் நவம்பரில் போனதால் ஒரு மாதக் குறைப்பு, 3,000 ரூபாய், எனக்குப் போனது.