இலவச மென்பொருளைக் காசுக்கு விற்கலாமா?

காவேரிப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “லிப்ரெஆபீஸ், கிம்ப், விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு 600 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ‘நெட்டில் சும்மா கிடைப்பதற்குக் காசா?’ என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். நான் செய்வது தப்பா? ஒரு ஓப்பன் சோர்ஸ் பில்லிங் மென்பொருளை மாங்காய் மண்டிகளுக்குத் தகுந்தபடி மாற்றி, என் பெயரில் விற்கவும் யோசிக்கிறேன். செய்யலாமா?”

விற்பது தப்பே இல்லை. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985இல் தன் ஈமேக்ஸ் என்ற உரை எழுதும் மென்பொருளை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான். படம் திருத்தும் கிம்ப் வெளியாவது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில்; அதன் 3ஆம் பதிப்பு, ஒரு பிரதிக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பச்சையாகவே சொல்கிறது.

சண்டைக்கு வந்தவரின் கோபத்திலும் நியாயம் உண்டு. பில்லில் ‘சாஃப்ட்வேர் – 600’ என்று மட்டும் இருந்தால், மென்பொருளுக்கே அந்த விலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘பென் டிரைவ் 350, பதிந்து தமிழ்த் தட்டச்சு அமைத்த கூலி 250, மென்பொருள் இலவசம், இணையத்திலும் கிடைக்கும்’ என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். அதன்பிறகு வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம். உழைப்புக்குக் கூலி கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் ‘ஒரிஜினல் லைசென்ஸ்’ என்று சொல்லி விற்றால், உரிமம் அனுமதித்தாலும் அது ஏமாற்றுதான்.

பென் டிரைவில் இரண்டு பொருள்களைக் கவனியுங்கள். ஃபயர்ஃபாக்ஸை அந்தப் பெயரிலேயே கொடுத்தால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அதை உருவாக்கும் மொசில்லாவின் வணிகச்சின்ன விதி. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. மற்ற மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. டிடிபி கடைக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ஜிபிஎல் மென்பொருள் கொடுக்கும்போது மூலநிரலும் (புரோகிராமர் எழுதிய, மாற்றி அமைக்கக்கூடிய வடிவம்) வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும். அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

சரி, மண்டி பில்லிங். முதலில் அதன் உரிமம் எது என்று பாருங்கள். எம்ஐடி போன்ற தளர்வான உரிமம் என்றால், மூல ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் விட்டுவைத்தாலே போதும். ஜிபிஎல் என்றால் கட்டுப்பாடு கூடும். பெயரை மாற்றலாம், கூடை எடை, தரகு, வண்டி வாடகைக் கணக்கெல்லாம் சேர்க்கலாம். ஆனால் பழைய ஆசிரியர் பெயரை அழிக்கக் கூடாது, நீங்கள் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும், மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். வேறு யாரோ வருடக்கணக்கில் எழுதியதை ‘முழுக்க நானே எழுதினேன்’ என்று மண்டிக்காரரிடம் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

வருடக் கட்டணம் வாங்கலாம். அதைச் சர்வீஸ் கட்டணம் என்றே எழுதுங்கள்: சீசனில் கூப்பிட்டால் வருவது, ஜிஎஸ்டி மாறினால் திருத்துவது, பேக்கப் எடுப்பது. பணம் கட்டாவிட்டால் நின்றுபோகும்படி பூட்டு வைக்காதீர்கள். ஜிபிஎல்லில் அந்தப் பூட்டை நீக்கும் உரிமை மண்டிக்காரருக்கு இருக்கிறது. அவர் தன் மைத்துனர் மண்டிக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது. அதையும் மனதில் வைத்து, முதல் தடவை நிறுவித் தரும் கூலியை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.