நெடுஞ்சாலையில் கிடப்பவை: கேள்வி பதில்

சேலத்தைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் ரோந்து வண்டியோடு அலைந்து, கிடந்ததையெல்லாம் அப்புறப்படுத்தி ஓய்ந்த ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஓமலூர் வாசகர்: ஐயா, தொப்பூர்ப் பக்கம் போனாலே சாலையில் லாரி டயரின் ரப்பர் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. எல்லாம் ரீட்ரெட் டயர்தானே, தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது? தடை செய்தால் என்ன?

ரீட்ரெட்டின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. ஒழுங்காக ஒட்டியது அவ்வளவு எளிதில் உரியாது. முதல் குற்றவாளி காற்றுக் குறைவுதான். லாரியின் பின்பக்கம் இரட்டைச் சக்கரம். உள்பக்க டயரில் காற்று இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியாது. பாரமெல்லாம் பக்கத்து டயரின் தலையில் விழுகிறது. காற்று இறங்கிய டயரோ மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. சித்திரை வெயிலில் தார் கொதிக்கும்போது புது டயரும் கிழியும். துண்டில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் டயரே வெடித்திருக்கிறது என்று பொருள்.

அஸ்தம்பட்டி வாசகர்: காரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே மூட்டையோ கல்லோ தெரிந்தால் வண்டியை ஒடிப்பதா, பிரேக் போடுவதா?

அந்த வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறீர்கள். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி போய்விடும். காய்ந்த சாலையிலேயே வண்டி நிற்க மொத்தம் 60 மீட்டர் வேண்டும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள். ஒடித்தவர்கள்தான் பக்கத்து வண்டியில் மோதுகிறார்கள், அல்லது நடுத்தடுப்பில் ஏறுகிறார்கள். இன்னொன்று, லாரியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். லாரி உயரமானது, கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு அது போய்விடும். கடைசி நொடியில் உங்கள் முன்னால் முளைக்கும்.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: இவ்வளவு பெரிய கற்கள் நெடுஞ்சாலைக்கு எப்படி வருகின்றன, அண்ணா? மேலே மலையும் இல்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். யாரோ ஓர் ஓட்டுநர் தன் கையால் தூக்கி வைத்த கல் அது, தம்பி. லாரி பழுதாகி நிற்கும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கல், பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையாக வரிசையாக நாலைந்து கல், அதோடு ஒரு வேப்பங்கிளை. மெக்கானிக் வந்து சரிசெய்வார், வண்டி புறப்படும், கல் அங்கேயே இருக்கும். ஏற்றத்தில் முட்டுக் கொடுத்த கல்லை எடுக்க இறங்கினால் வண்டி பின்னால் உருளும் என்று பயந்து அப்படியே போகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தான் கிளீனர் இருந்தார். இப்போது பல லாரிகளில் ஓட்டுநர் ஒருவர்தான். ஆனால் பின்னால் அடுக்கிய கல்லுக்கு எந்தச் சாக்கும் செல்லாது. வண்டியோடு தரும் எச்சரிக்கை முக்கோணம் உறை பிரிக்காமல் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. இரவில் மொபெட்டில் வருகிறவருக்கு அந்தக் கருங்கல் எங்கே தெரியும்? பொதுவழியில் இடையூறு செய்தால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவு. கல்லில் வண்டி எண் எழுதியிருப்பதில்லை, அதுதான் சிக்கல்.

சங்ககிரி வாசகர்: நாமே இறங்கி அப்புறப்படுத்தலாமா?

நான்கு வழிச்சாலையில் வேண்டவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்ற சாலைகளில் 112. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊர் நோக்கிய பக்கம் என்பதையும் சொல்லுங்கள். “சேலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்” என்று சொன்னால் ரோந்து வண்டி எங்கே தேடும்?

ஏற்காட்டுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்லும் ஆசிரியை: மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், ஐயா?

அம்மா, இருபது வளைவுகளிலும் முதலில் டீசலைப் பாருங்கள். தொட்டி நிறைய ஊற்றிக்கொண்டு ஏறும் வண்டிகள் வளைவில் சாயும்போது சிந்துகின்றன. முதல் தூறலில் அது வானவில் நிறத்தில் மின்னும். அங்கே பிரேக்கும் பிடிக்காதீர்கள், வண்டியையும் சாய்க்காதீர்கள். அடுத்தது மேட்டுப் பக்கம். பொடிக்கற்களும் செம்மண் கலங்கிய நீரும் சாலைக்கு இறங்கினால் அந்த இடத்தில் நிற்காதீர்கள், மழைக்கு ஒதுங்கவும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வெள்ளிக் கொலுசுப் பொட்டலம் ஒன்று சாலையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவருக்கு உரிமை உண்டா?

வைத்துக்கொள்வோமா, வைத்திருக்கிறீர்களா? கொலுசு உங்கள் பேட்டையில் பட்டறை பட்டறையாகக் கைமாறும் சரக்கு. விசாரித்தால் உரியவர் தெரிந்துவிடுவார். உரியவரைக் கண்டுபிடிக்க வழியிருந்தும் தேடாமல் தனதாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். எடுத்தவருக்கும் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. தொலைத்தவர் குறிப்பிட்ட சன்மானம் அறிவித்திருந்தால், அதைத் தரும்வரை பொருளை நிறுத்தி வைக்க 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 168-ஆம் பிரிவில் அனுமதிக்கிறது.

கொண்டலாம்பட்டி வாசகர்: பைக்கில் போகும்போது பையிலிருந்து ஆர்.சி. புத்தகமும் போனும் விழுந்துவிட்டன.

ஆர்.சி.க்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம். திருட்டுக்கு அது செல்லாது. அதுவரை டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டுங்கள். போனுக்கு முதலில் காவல் நிலையப் புகார், அடுத்து அதே எண்ணில் மாற்று சிம், பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குதல். அந்த எண் தெரியாவிட்டால் போன் வாங்கிய பெட்டியில் பாருங்கள்.

மேச்சேரி வாசகர்: எங்கள் பக்கம் கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி மணி உதிர விடுகிறார்கள். அதுவும் தவறா?

களம் இல்லாத விவசாயி வேறெங்கே போவார் என்று எனக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கொடி காரின் அச்சில் சுற்றிக்கொள்ளும், சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். இருசக்கர வண்டியோ வழுக்கும். கிராமத்துச் சாலையில் கண்டால் காரை மெதுவாக ஓட்டிக் கடந்து, சற்றுத் தள்ளி நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள்.

ஆத்தூர் வாசகர்: மாம்பழ லாரி கவிழ்ந்தால் ஊரே அள்ளுகிறதே, சாலையில் கொட்டியதுதானே?

கொட்டினாலும் சரக்குக்கு உரிமையாளர் இருக்கிறார். பழம் அள்ளும் கூட்டத்தால் 108 வண்டி உள்ளே நுழைய முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் கேபினுக்குள்தான் இருந்தார்.