சைன் ஏன் சாய்ந்து வருகிறது?

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வேட்டை லேட்டெக்கில் (கட்டளைகள் எழுதி ஆவணம் அச்சுக்கோக்கும் மென்பொருள்) அடித்துக்கொண்டிருக்கிறேன். சமன்பாட்டுக்குள் சைன் என்று அடித்தால் எழுத்துகள் சாய்ந்து வருகின்றன. ரேங்க், ஸ்பேன் மாதிரிப் பெயர்கள் எல்லாவற்றையும் மேத்ஆர்எம் என்ற கட்டளை போட்டு நிமிர்த்திவிட்டேன். அப்படியும் என் வழிகாட்டி சரியில்லை என்கிறார். என்ன குறை? – வாசகி, திருச்சி

பதில்: அவர் சொல்வது சரிதான். கணிதப் பகுதிக்குள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் லேட்டெக் தனி மாறியாகத்தான் பார்க்கும், அதனால் எஸ், ஐ, என் என்று அடித்தால் அதற்கு அது மூன்று மாறிகளின் பெருக்கல். முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போடுங்கள், போதும். சைன், லாக், டெட், லிம் என்று 32 பெயர்கள் இப்படித் தயாராகவே இருக்கின்றன.

ரேங்க் அதில் இல்லை. மேத்ஆர்எம் எழுத்தை நிமிர்த்துமே தவிர, இது ஒரு சார்பின் பெயர் என்று லேட்டெக்குக்குச் சொல்லாது. உங்கள் பக்கத்தையே உற்றுப் பாருங்கள், ரேங்க்குக்குப் பின்னால் ஏ என்ற அணி வருகிற இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கும். பலர் அங்கே கையால் ஒரு சின்ன இடைவெளி போட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதையே நகலெடுத்து அடைப்புக்குறிக்கு முன்னால் ஒட்டும்போது தேவையில்லாத இடத்தில் சந்து விழுகிறது. சார்பு என்று அறிவித்துவிட்டால், மாறி வந்தால் இடைவெளி விடுவதும் அடைப்புக்குறி வந்தால் விடாமலிருப்பதும் தானாக நடக்கும். படிப்பவர் கண் தடுக்காமல் போவது இதனால்தான், இதைச் சின்ன விஷயம் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஏஎம்எஸ்மேத் என்ற கணிதத் துணைத்தொகுப்பை (பேக்கேஜ்) சேர்த்து, ஆவணம் தொடங்கும் வரிக்கு மேலே டிக்ளேர்மேத்ஆபரேட்டர் என்ற கட்டளையை எழுதுங்கள் (டி, எம், ஓ மூன்றும் பெரிய எழுத்து). முதல் நெளிவு அடைப்பில் பேக்ஸ்லாஷோடு நீங்கள் வைக்கும் பெயர், இரண்டாவதில் அச்சில் வரவேண்டிய எழுத்து. ஆர்க்மேக்ஸ் மாதிரி, தனி வரிச் சமன்பாட்டில் கீழ்க்குறி நேர் அடியில் வரவேண்டியவற்றுக்குக் டிக்ளேர்மேத்ஆபரேட்டர் என்பதை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும் பெயர் என்றால் ஆபரேட்டர்நேம் என்ற கட்டளை போதும்.

ஸ்பேனில் மட்டும் கவனம். அந்தப் பெயர், லேட்டெக்குக்கு அடித்தளமான டெக்கின் அடிப்படைக் கட்டளைகளில் ஒன்று, அட்டவணைகளுக்குள் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. அதே பெயரில் அறிவித்தால் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை காட்டும், வலுக்கட்டாயமாக மாற்றி எழுதினாலோ அட்டவணைகள் உடையும். கட்டளைப் பெயரில் முதல் எஸ்ஸைப் பெரிய எழுத்தாக்கிவிடுங்கள், அச்சில் வருவதைச் சின்ன எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.